கூட்டத்தைச் சேர்ப்பதும் அவர்களே, தப்பிக்க வழி விற்பதும் அவர்களே

தீம் பார்க் என்று பேர் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஆட்களை வெயிலில் நிற்க வைக்கும் இந்த வியாபாரத்தைப் பற்றி யாராவது வாய் திறந்து பேசித்தான் ஆக வேண்டும். பிள்ளைகள் வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மே மாத லீவு, காஞ்சிபுரத்திலிருந்து வேன் பிடித்து, சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பார்க்குக்குப் போனோம். நான், என் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், மாமியார், நாத்தனார் குடும்பம். திரும்பி வந்து இத்தனை நாளாகியும் மனசு ஆறவில்லை.

எல்லாரும் சொல்வது என்ன? "லீவு நாளில் போனால் கூட்டமாகத்தான் இருக்கும்." இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கூட்டம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. டிக்கெட் விற்றவர்களுக்கு எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று தலைக்கணக்கு தெரியும். ஒரு ரைடில் 24 சீட். ஏற்றி, பெல்ட் மாட்டி, கம்பி இறக்கி, சுற்றி, நிறுத்தி, இறக்க ஐந்து நிமிடம். மணிக்கு 12 சுற்று, 288 பேர். எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும் அந்த மெஷினால் அவ்வளவுதான் முடியும். இது அதை நடத்துபவர்களுக்குத் தெரியாதா? சினிமா தியேட்டரில் சீட் தீர்ந்தால் ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டுகிறார்கள். இங்கே மட்டும் மதியம் ஒரு மணிக்கும் கவுண்டரில் டிக்கெட் கிழிக்கிறார்கள், கேட்டில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்குகிறார்கள். தண்டவாளத்தில் ஓடும் பெரிய ரைடுக்கு முன்னால் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றோம். ரைடு ஓடிய நேரம் இரண்டு நிமிடம்கூட இல்லை.

அப்படி நிற்கும்போதுதான் பக்கத்திலேயே இன்னொரு வாசல் இருப்பது தெரிகிறது. டிக்கெட் காசுக்கு மேல் கிட்டத்தட்ட அதே அளவு காசு கொடுத்தால் வேறு நிறத்தில் ஒரு கைப்பட்டை கட்டிவிடுவார்கள். அந்தப் பட்டை இருந்தால் வரிசையே கிடையாது. ஒவ்வொரு சுற்றுக்கும் முதலில் அவர்களை உட்கார வைக்கிறார்கள். 24 சீட்டில் 14 அவர்களுக்குப் போனால் மிச்சம் பத்துதான் எங்களுக்கு. அப்படியானால் அவர்கள் வாங்கியது யாருடைய நேரம்? நாங்களும் காசு கொடுத்துத்தானே உள்ளே வந்தோம்? அளவில்லாமல் டிக்கெட் விற்று வரிசையை நீளமாக்குவது, பிறகு அந்த வரிசையிலிருந்து தப்பிக்க இன்னொரு டிக்கெட் விற்பது. வரிசை எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அந்தப் பட்டை விலைபோகும். அப்புறம் எதற்காக அவர்கள் வரிசையைக் குறைக்கப் போகிறார்கள்?

பட்டை வாங்கியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கைக்குழந்தையோடு வந்த ஒருவர் வேறு வழியில்லாமல் வாங்கினார். அவரை அந்த நிலைக்குத் தள்ளியவர்கள் மேல்தான் கோபம்.

இதில், உள்ளே போனதும் ஒரு பெரிய ரைடு முன்னால் கயிறு கட்டி "பராமரிப்புப் பணி" என்று போர்டு. என் பையன் வீடியோவில் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். நிறுத்திச் சரிபார்ப்பது தேவையான வேலை, அதில் மறுபேச்சே இல்லை. 2025 மே மாதம் ஈ.சி.ஆரில் ஒரு பார்க்கில் ரைடு உயரத்திலேயே நின்றுபோய், தீயணைப்பு வண்டி வந்துதான் ஆட்களை இறக்கினார்கள். அதனால் நிறுத்துங்கள், தாராளமாகச் சரிபாருங்கள். ஆனால் அதை டிக்கெட் கவுண்டரில் எழுதிப் போடாமல், காசை வாங்கிய பிறகு காட்டுவது என்ன நியாயம்?

உயரக் கணக்குக்கு வருகிறேன். வாசலில் ஒரு அளவுகோல். என் பையன் ஆறாவதுதான் படிக்கிறான், 140 செ.மீ. தாண்டிவிட்டான் என்று பெரியவர் டிக்கெட். மகள் 112 செ.மீ., 90-க்கு மேல் இருப்பதால் அவளுக்கும் டிக்கெட். சரி. உள்ளே போனால் ஒவ்வொரு ரைடு வாசலிலும் இன்னொரு அளவுகோல். 120 வேண்டும், 140 வேண்டும். மடியில் இறங்கும் கம்பி சின்ன உடம்பை இறுக்கிப் பிடிக்காது, நழுவிவிடும், அதனால் அந்த விதி சரியான விதி. நான் கேட்பது வேறு. 112 செ.மீ. பிள்ளைக்கு எத்தனை ரைடு கிடைக்கும் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும்போது, வெறும் நான்கைந்து குட்டி ரைடுக்காக பெரியவர் டிக்கெட்டுக்கு நெருக்கமான காசை எப்படி வாங்குகிறார்கள்? அவள் ஒவ்வொரு வாசலிலும் குதிகாலை உயர்த்தி நின்று பார்த்தாள். பெற்ற வயிறு எரிந்தது.

அத்தைக்கு முழங்கால் வலி. எந்த ரைடும் ஏறப் போவதில்லை, பேரப்பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கத்தான் வந்தார். அவருக்கும் கட்டணம். முதியோர் சலுகை என்று ஒரு சொற்பத் தொகையைக் கழித்தார்கள். அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. (2018 ஜனவரிக்கு முன்னால் இது 28 ஆக இருந்தது. குறைத்ததின் பலன் டிக்கெட் விலையில் எங்கே தெரிகிறது என்று தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.) சரி, காசுதான் வாங்கினார்கள், உட்கார இடம் உண்டா? நிழலில் இருந்த நாற்காலிகள் எல்லாம் உணவகத்துக்குச் சொந்தம், ஏதாவது வாங்கினால்தான் உட்காரலாமாம். எழுபது வயதுப் பெண்மணி ஒரு செடித்தொட்டியின் சிமென்ட் விளிம்பில் பாதி நாள் உட்கார்ந்திருந்தார்.

சாப்பாட்டுப் பையைப் பற்றிச் சொன்னால் நீளும். விடியற்காலை எழுந்து கிளறிய புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், அத்தைக்கு மாத்திரை போட இரண்டு இட்லி. செக்யூரிட்டி டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்து எடுத்து வைத்துக்கொண்டார். தண்ணீர் பாட்டிலும் உள்ளே போகக் கூடாது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சினிமா தியேட்டர் வழக்கில் வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்றது. ஆனால் அதே தீர்ப்பில், சுத்தமான குடிநீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. இது போன்ற இடங்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கின்றன. நாங்கள் போன பார்க்கில் குடிநீர்க் குழாய் கழிப்பறைச் சுவரை ஒட்டி இருந்தது. இரண்டு குழாயில் ஒன்றில் காற்றுதான் வந்தது.

அதனால் கடையில் பாட்டில். 20 ரூபாய் என்று அச்சிட்டிருக்கும் தண்ணீர் 50 ரூபாய். கேட்டால் "இங்க இதான் ரேட்டு மேடம்." ஹோட்டல்காரர்கள் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது எனக்கும் தெரியும். அங்கே மேஜை, நாற்காலி, பரிமாற ஆள் என்று சேவை இருக்கிறது. ஜன்னல் வழியாக பாட்டிலை நீட்டுவது எந்தச் சேவையில் சேரும்? மே மாத வெயிலில் சொந்தத் தண்ணீரைப் பிடுங்கிவிட்டு, தாகத்துக்கு விலை வைப்பது அநியாயம், அவ்வளவுதான்.

தண்ணீர் விளையாட்டுப் பக்கம் போனால் நைலான் உடை கட்டாயம். பருத்தி நூல் பிசிர் ஃபில்டரில் அடைக்கும், நனைந்தால் கனக்கும், பட்டனும் ஜிப்பும் சறுக்குப் பாதையைக் கீறும். எல்லாம் புரிகிறது. ஆனால் வாடகைக்குக் கொடுத்த உடை இன்னும் ஈரமாக இருந்தது. யாரோ போட்டுக் கழற்றியதை அலசாமல்கூட எடுத்து நீட்டுகிறார்கள். லாக்கருக்குத் தனி வாடகை, தனி டெபாசிட்.

பெண்கள் உடை மாற்றும் அறையைக் கட்டியவர்களை ஒரு நாள் அதே அறையில் உடை மாற்றச் சொல்ல வேண்டும். தரை முழுக்கக் கணுக்கால் நனையும் அளவு தண்ணீர். கதவில் ஒரு கொக்கி கிடையாது, சுவரில் ஒரு பலகை கிடையாது. உலர்ந்த சுடிதாரை எங்கே வைப்பது? பையைக் கழுத்தில் மாட்டி, துப்பட்டாவைப் பல்லில் கடித்து, ஒரு காலைத் தூக்கிப் பேன்ட்டை மாட்டும்போது வழுக்கிவிடாமல் ஒரு கையால் சுவரைப் பிடிக்க வேண்டும். நடுவில் மகளையும் துவட்டிவிட வேண்டும். வெளியே பத்துப் பெண்கள் கதவைத் தட்டுகிறார்கள். ஒரு கொக்கி என்ன விலை இருக்கும்? கோடிக்கணக்கில் ரைடு இறக்குமதி செய்யத் தெரிந்தவர்களுக்கு அது தோன்றவில்லை என்றால், இங்கே வரும் பெண்களைப் பற்றி அவர்கள் நினைத்தே பார்த்ததில்லை.

அலைக்குளத்தில் உயிர்காப்பாளர்களாக நின்ற பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலில் நாள் முழுக்க விசிலும் கையுமாக நின்றார்கள். ஆனால் கரையில் நின்று பெண்கள் பக்கமாகவே செல்போனைத் திருப்பிப் பிடித்திருந்த ஒரு கும்பலைக் காட்டிப் புகார் சொன்னபோது, மேற்பார்வையாளர் சொன்ன பதில்: "நீங்க கொஞ்சம் தள்ளிப் போயி குளிங்க மேடம்." தள்ளிப் போக வேண்டியது நாங்களா?

டிக்கெட்டுக்கு ஒரு நாள் உச்சவரம்பு வைத்து, அது முடிந்தால் கவுண்டரை மூட வேண்டும். எந்த ரைடு ஓடவில்லை என்பதைக் காசு வாங்கும் இடத்தில் எழுத வேண்டும். ரைடு ஏறாத பெரியவர்களுக்குப் பார்வையாளர் கட்டணம் மட்டும் போதும். பாதுகாப்பை ஆய்வு செய்து அனுமதி கொடுக்கும் அரசு, குடிநீரையும் உடை மாற்றும் அறையையும் சேர்த்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

தண்ணீர் பாட்டிலுக்கு பில் கேட்டு வீட்டுக்காரர் கடை முன்னால் இருபது நிமிடம் நின்றார். கடைசியில் கொடுத்தார்கள், அதில் தண்ணீர் என்று இல்லை, "ஸ்நாக்ஸ்" என்று அடித்திருந்தது. பாட்டிலையும் பில்லையும் சேர்த்து வைத்துப் போட்டோ எடுத்தோம். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவாகிவிட்டது. எம்.ஆர்.பி. மீறலைப் பார்க்கும் தொழிலாளர் துறைக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி பில் யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், நீங்களும் அனுப்புங்கள்.