டெக்சாஸ் கதையை விட்டுவிட்டீர்களே

அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்கள் தனிநபர்களைப் பாராட்டி நிறைவேற்றும் தீர்மானங்கள் வெறும் நேர விரயம் என்கிறது உங்கள் கட்டுரை. ஒரேயடியாக அப்படித் தள்ளிவிட முடியாது. காலமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெறும் ஒருவருக்கு, அவர் பெயரும் சேவையும் எழுதி அவையின் முத்திரையோடு வரும் தாள் சின்ன விஷயமா? கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவார்கள். மாட்டட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

எனக்கு உறுத்துவது வேறு. இவற்றை யாரும் படிப்பதில்லை. 1971-இல் டெக்சாஸ் பிரதிநிதிகள் அவையில் டாம் மூர் என்ற உறுப்பினர், ஆல்பர்ட் டிசால்வோ என்பவரைப் பாராட்டி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மக்கள்தொகைக் கட்டுப்பாட்டில் வழக்கத்துக்கு மாறான உத்திகளைக் கையாண்டவர் என்று அதில் புகழுரை வேறு! அவை ஒருமனதாக நிறைவேற்றியது. அந்த டிசால்வோ யார் தெரியுமா? பாஸ்டனில் பல பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றதாகத் தானே ஒப்புக்கொண்ட ஆள். சகாக்கள் படிக்காமலே கை தூக்குகிறார்கள் என்று காட்டத்தான் மூர் இதைச் செய்தார். அப்புறம் அவரே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை 1995-லேயே, இன்ன நாள், இன்ன வாரம் என்று அறிவிக்கும் நினைவு மசோதாக்களுக்குத் தன் விதிகளில் தடை போட்டுவிட்டது. மாநிலங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். தீர்மானம் கொண்டுவரும் உறுப்பினர் அதை அவையில் முழுதாக வாசிக்க வேண்டும் என்று வைத்தாலே பாதி குறைந்துவிடும்.