தேர்முட்டியில் ஒரு பந்தயக் கார்

(இலங்கையின் மலையகத்தில், இறம்பொடைக்கு மேலே, லபுக்கலைக்குப் போகும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டக் கோயிலின் முற்றம். ஏப்ரல் மாதத்து மாலை; பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஜீப்புக்குப் பின்னால் ஒரு ட்ரெய்லர், அதன் மேல் தார்ப்பாய் போர்த்திய கார். கோயில் பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வருகிறார்.)

பொருளாளர்: தம்பி, இன்றிரவு இங்கே நிறுத்திக்கொள்ளத் தலைவர் அனுமதி கொடுத்துவிட்டார், பணம் வாங்குவது மட்டும் என் பொறுப்பு. வாகனம் ஒன்றுக்கு 300 ரூபா. உங்களிடம் மூன்று இருப்பதால் 900 ரூபா.

சாரதி: மூன்றா? ஐயா, ஓடுவது ஜீப் ஒன்றுதான். ட்ரெய்லருக்கு எஞ்சினே கிடையாது. கார் அதன் மேல் ஏற்றிய சுமை. லொறியில் மாடு ஏற்றி வந்தால் மாட்டுக்கும் தனியாகப் பணம் கேட்பீர்களா?

பொருளாளர்: மாட்டுக்கு ஸ்டியரிங் இல்லையே, தம்பி. அது சரி, நல்ல காரை ஓட்டிக்கொண்டு வராமல் எதற்காகச் சுமந்துகொண்டு வருகிறீர்கள்?

சாரதி: இது நுவரெலியாவில் 1934 இலேயே தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்குப் போகும் கார், ஐயா. இதன் டயரில் வெட்டே கிடையாது, ஈரத் தாரில் வழுக்கும். பாரத்தைக் குறைப்பதற்காக ஹெட்லைட்டையும் ஹோனையும் கழற்றிவிட்டோம். அடிப்பாகம் தரையிலிருந்து நான்கு விரல் உயரம்தான் என்பதால் புசல்லாவையில் ஒரு குழியில் இறங்கியிருந்தால் அங்கேயே குடியிருக்க வேண்டியதுதான். பந்தயத்தில் ஏதாவது உடைந்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு வழி வேண்டுமே.

பொருளாளர்: நான் விளங்கிக்கொண்டது சரிதானா என்று பாருங்கள். இந்தக் காருக்கு இருக்கும் ஒரே வேலை மலை ஏறுவது. அப்படிப்பட்ட காரை 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு ஏற்றுவதற்குக் கண்டியிலிருந்து ஒரு ஜீப்பும் ஒரு ட்ரெய்லரும் ஒரு சாரதியும் வர வேண்டியிருக்கிறது.

சாரதி: தயவுசெய்து முதலாளியின் காதில் விழும்படி இதைச் சொல்லிவிடாதீர்கள்.

பொருளாளர்: அங்கே போய் எவ்வளவு நேரம் ஏறும்?

சாரதி: எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறதோ அவ்வளவுக்குப் பரிசு.

பொருளாளர்: எங்கள் மலையில் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு இறங்கினால் அரைப் பேர்தான் போடுவார்கள், அரை நாள் சம்பளம்தான். நல்லது, இந்தக் கணக்கையே வைத்துக்கொள்வோம்: ஓடும் ஜீப்புக்கு முழுப் பேர், ஓடாத இரண்டுக்கும் அரைப் பேர். 600 ரூபா கொடுங்கள்.

(சாரதி பணத்தைக் கொடுக்கிறார். பொருளாளர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, டோர்ச்சை அடித்துக்கொண்டு குனிகிறார்.)

பொருளாளர்: சக்கரத்துக்கு அடியில் செங்கல்லா வைத்திருக்கிறீர்கள்? இருபது வருடமாகத் தேருக்கு முட்டுக்கட்டை போடுபவன் நான். சரிவாகச் செதுக்கிய கட்டையின் மேல் சக்கரம் ஏறப் பார்க்கும்போது, தன் பாரத்தாலேயே கட்டையைத் தரையோடு அழுத்திக்கொள்ளும். செங்கல் ஒன்று நொறுங்கிவிடும், இல்லாவிட்டால் கூடவே சறுக்கிக்கொண்டு போகும். தேர்க்கட்டை இரண்டு தருகிறேன், பள்ளத்துப் பக்கமாக வையுங்கள். விடியும்வரை ஜீப்பிலிருந்து கழற்றவும் வேண்டாம்.

சாரதி: கொக்கிக்குப் பூட்டே போட்டுவிட்டேன், ஐயா. காரைக் கியரில்தான் விட்டிருக்கிறேன்; இந்த ஈரத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு வைத்தால் காலையில் ஒட்டிக்கொள்ளும்.

பொருளாளர்: காரைப் பிடித்திருக்கும் பெல்ட்டை ஏன் அதன் உடம்பில் கட்டாமல் சக்கரத்தில் கட்டியிருக்கிறீர்கள்?

சாரதி: உடம்பில் கட்டினால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஸ்பிரிங் அமுங்கி எழும், அமுங்கும்போதெல்லாம் பெல்ட் தளரும். சக்கரத்தை ட்ரெய்லரின் தட்டோடு இறுக்கிவிட்டால் உடம்பு தன் பாட்டுக்கு ஆடட்டும். ஆனாலும் காலையில் ஒரு தடவை இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

பொருளாளர்: கெட்டிக்காரர். பிறகு ஏன் ட்ரெய்லரின் வால் தாழ்ந்து, ஜீப்பின் பின்புறம் தூக்கிக்கொண்டு நிற்கிறது? வரும் வழியில் ஆட்டம் போடவில்லையா?

சாரதி: கம்பளையில் கொஞ்சம் வாலாட்டியது. ட்ரெய்லரும் சுமையும் சேர்ந்த பாரத்தில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் அழுத்த வேண்டும் என்பது விதி. மாற்று டயர்களையும் ஜக்கையும் பின்னால் அடுக்கியதால் அது குறைந்துவிட்டது.

பொருளாளர்: விதி தெரிந்துமா அடுக்கினீர்கள்?

சாரதி: விதியைச் சொல்லித்தந்தவரும் முதலாளிதான், டயர்களை அடுக்கியவரும் முதலாளிதான். நடுவில் நான் என்ன பேசுவது?

பொருளாளர்: இன்றிரவே அவற்றை முன்னால் மாற்றிவிடுங்கள். இன்னொரு விடயம்: கொழுந்து லொறி திரும்புவது இந்த முற்றத்தில்தான். அது வருவதற்கு முன் ட்ரெய்லரைப் பின்னால் எடுத்து வாசலுக்குத் திருப்பிவிட வேண்டும்.

சாரதி: பின்னாலா? ஐயா, ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் ட்ரெய்லர் வலப்பக்கம் போகிறது. நேரே போவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பின்னால் எடுப்பது முதலாளி.

பொருளாளர்: அவர் எங்கே?

சாரதி: நுவரெலியாவில், ஹோட்டலில்.

பொருளாளர்: பரவாயில்லை. காலையில் கொக்கியைக் கழற்றுங்கள். தேர் இழுக்கும் பொடியன்கள் பத்துப் பேரைக் கூட்டி வந்து கையாலேயே திருப்பித் தருகிறேன். ஆனால் அரோகரா போடாமல் எதையும் இழுக்க அவர்களுக்குத் தெரியாது; இரண்டாவது அரோகராவுக்குள் காருக்கு முன்னால் ஒரு தேங்காயும் உடைத்தாக வேண்டும்.

சாரதி: தேங்காய்க்குமா பற்றுச்சீட்டு?

பொருளாளர்: தேங்காய்க்கு முழுப் பேர்தான், தம்பி.