கொல்லப்பட்டவர் ஆலன் அல்லர், அவருடைய தம்பி

தாவர சேகரிப்பாளர் ஆலன் கன்னிங்ஹாம் ஆஸ்திரேலியப் பயணமொன்றில் பழங்குடியினரால் கொல்லப்பட்டார் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அண்ணன் தம்பி இருவரின் கதைகளும் இங்கே ஒன்றாகக் கலந்துவிட்டன.

கொல்லப்பட்டவர் ஆலனின் தம்பி ரிச்சர்ட் கன்னிங்ஹாம். 1835 ஏப்ரலில், நில அளவையாளர் தாமஸ் மிட்செல் தலைமையில் சென்ற குழுவிலிருந்து செடி தேடி விலகிப் போனவர், போகன் ஆற்றுப் பகுதியில் வழி தவறினார். தேடிப் போனவர்களுக்கு அவருடைய குதிரை இறந்துதான் கிடைத்தது. அவரை எதிர்கொண்ட பழங்குடியினர் முதலில் உணவு கொடுத்ததாகவும், இரவில் அவர் நிலையின்றி நடந்துகொண்டதைக் கண்டு அஞ்சியே கொன்றதாகவும் பின்னர் தெரியவந்தது. இதையும் சொல்லாமல் 'கொன்றார்கள்' என்று மட்டும் எழுதுவது நியாயமாகாது.

லண்டனிலுள்ள கியூ தாவரவியல் தோட்டத்துக்காகச் செடி சேகரிக்க 1816இல் சிட்னி வந்திறங்கி, கடற்படை அதிகாரி பிலிப் பார்க்கர் கிங்குடன் கடற்கரைகளை அளந்து, 1827இல் டார்லிங் டவுன்ஸ் சமவெளியை எட்டிய ஆலனோ, 1839 ஜூன் 27 அன்று சிட்னியில் காசநோயால் இறந்தார். தம்பி வகித்த, குடியேற்ற அரசின் தாவரவியலாளர் (Colonial Botanist) பதவியை 1837இல் ஏற்றவர், அதிகாரிகளின் சமையலுக்குக் காய்கறி பயிரிடுவதும் தம் வேலையே என்று கண்டதும் அவ்வாண்டே விலகிவிட்டார். (எனக்கென்னவோ, அவருடைய குணத்தை அவர் கண்டறிந்த மலைக் கணவாய்களைவிட இந்த முட்டைக்கோசு விவகாரமே நன்றாகக் காட்டுகிறது.) சிட்னி தாவரவியல் பூங்காவிலுள்ள நினைவுத் தூணில், 1901இல் இடம் மாற்றப்பட்ட அவருடைய எச்சங்கள் இருக்கின்றன.