காலை உணவுத் திட்டம்: ஒரு திருத்தம்

“பள்ளியில் காலை உணவு போடுவது, எழுந்து சமைக்கச் சோம்பற்படும் தாய்மார்களுக்கான இலவசம், மதியச் சாப்பாடுதான் இருக்கிறதே” என்று ஒருவர் எழுதியுள்ளார். இதன் இரண்டு பகுதிகளும் தவறானவை.

இத்திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான், சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்டது. நம் ஊரைச் சுற்றியுள்ள மல்லிகைத் தோட்டங்களில், மொட்டு விரிவதற்கு முன்பே பறித்து மாட்டுத்தாவணிச் சந்தைக்கு அனுப்பியாக வேண்டும் என்பதால், கூலிக்குப் பூப்பறிக்கும் பெண்கள் தம் பிள்ளைகள் கண் விழிப்பதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். விடியலிலேயே தெருவைக் கூட்டத் தொடங்கும் தூய்மைப் பணியாளர்களின் நிலையும் இதுவே. இவர்களைச் சோம்பேறிகள் என்பது, என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாத அநீதி.

1956இல் காமராசர் ஆட்சியில் பரவலாக்கப்பட்டு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவாக்கப்பட்ட மதிய உணவுத் திட்டம் பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த உணவு தட்டுக்கு வருவதற்குள் காலைப் பாடவேளைகள் முடிந்துவிடும். முந்தைய இரவு எட்டு மணிக்கு உண்ட குழந்தை, அதற்குள் பதினாறு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்திருக்கும். வீட்டில் உண்டு வந்த குழந்தையோடு ஒரே வகுப்பில் அமர்ந்து, அதே கணக்கைப் போட்டாக வேண்டும்.

உணவின் தரத்தைக் குறை கூறலாம். திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கும்படி வகுக்கப்பட்டதை நானும் கடுமையாகக் குறை கூறுவேன், ஏனெனில் பிள்ளை ஆறாம் வகுப்புக்குச் சென்றதும் தாயின் வேலை நேரம் மாறிவிடுவதில்லை.