யாகாக் கிழவியை வெறும் சூனியக்காரி ஆக்காதீர்கள்

நேற்று இரவு மகளுக்கு ஒரு ரஷ்ய நாட்டுப்புறக் கதையைப் படித்துக் காட்டினேன். வண்ணப் படங்கள் போட்ட புதிய பதிப்பு. "காட்டில் ஒரு கெட்ட சூனியக்காரி வாழ்ந்தாள்" என்று தொடங்கியது. கடைசியில் சிறுமி நெருப்பைத் திருடிக்கொண்டு ஓடிவிடுகிறாள், சூனியக்காரி ஏமாந்து நிற்கிறாள். புத்தகத்தை மூடிய பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. இது வசிலீசாவின் கதை. வசிலீசா எதையும் திருடவில்லை. நெருப்பை அவள் கையில் கொடுத்து அனுப்பியதே அந்தக் கிழவி பாபா யாகாதான்.

ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அஃபனாசியெவ் 1855 முதல் 1863 வரை வெளியிட்ட பெரிய தொகுப்பில் இந்தக் கதை இருக்கிறது. மாற்றாந்தாயின் மகள்கள் வேண்டுமென்றே மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு, யாகாவிடம் போய் நெருப்பு வாங்கி வா என்று வசிலீசாவைக் காட்டுக்குள் தள்ளிவிடுகிறார்கள். அவளுக்குத் துணையாகச் சட்டைப் பையில், தாய் சாகும்போது கொடுத்த சின்னப் பொம்மை மட்டும். யாகாவின் வீட்டு வேலி மனித எலும்பு. வேலிமேல் மண்டையோடுகள். கதவின் தாழ்ப்பாள் மனிதக் கைகள், பூட்டு கூரிய பற்கள் உள்ள ஒரு வாய். இருட்டியதும் மண்டையோடுகளின் கண்கள் ஒளிவிட, வெளி முழுவதும் பகல்போல் ஆகிவிடுகிறது.

யாகா வேலை கொடுக்கிறாள்: முற்றம் பெருக்கு, சமை, துணி துவை, கோதுமையில் கலந்ததைப் பொறுக்கு, கசகசாவிலிருந்து மண்ணைப் பிரி. முடிக்காவிட்டால் தின்றுவிடுவேன். பொம்மைக்கு ஒரு வாய் உணவு ஊட்டினால் அது வேலையை முடித்துக் கொடுக்கிறது. பிறகு கிழவியும் சிறுமியும் பேசும் இடம் இருக்கிறதே, அதற்காகவே இந்தக் கதையை நான் எத்தனை முறையும் படிப்பேன். வழியில் பார்த்த வெள்ளைக் குதிரைக்காரன் யார், சிவப்புக் குதிரைக்காரன் யார், கறுப்புக் குதிரைக்காரன் யார் என்று வசிலீசா கேட்கிறாள். என் பகல், என் சூரியன், என் இரவு என்கிறாள் யாகா. ஆனால் வீட்டுக்குள் எங்கிருந்தோ தோன்றித் தானியத்தை எடுத்துப்போன மூன்று சோடிக் கைகளைப் பற்றிச் சிறுமி வாய் திறக்கவில்லை. அது நல்லது என்கிறாள் கிழவி; என் வீட்டுச் சங்கதி வெளியே போவது எனக்குப் பிடிக்காது, அதிகம் துருவுகிறவர்களை நான் தின்றுவிடுவேன். பிறகு வேலியிலிருந்து ஒரு மண்டையோட்டைக் கழியில் செருகிக் கொடுக்கிறாள். வீட்டுக்கு வந்த அந்த நெருப்பு, மாற்றாந்தாயையும் மகள்களையும் விடியும்வரை உற்றுப் பார்த்தே கரியாக்குகிறது.

இப்படி ஒருத்தியை "கெட்ட" என்ற ஒரு சொல்லில் அடைக்க முடியுமா? ரஷ்ய மொழியில் சூனியக்காரிக்கு 'வேத்மா' என்று தனிச்சொல்லே உண்டு. 'அறிதல்' என்பதிலிருந்து பிறந்த சொல். நமக்குத் தெரிந்த வடசொல் 'வேத'த்துக்கும் அதே வேர்தான். வேத்மா ஊருக்குள் நம்மிடையே வாழ்கிறவள். யாகா காட்டுக்குள், கோழிக்கால்மேல் நிற்கும் குடிசையில், எலும்புக் காலோடு ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை நீண்டு படுத்திருக்கிறாள், மூக்கு கூரையில் முட்டுகிறது. நாட்டுப்புறக் கதை ஆய்வாளர் விளாதீமிர் புரோப் 1946இல் இந்தக் காட்சியைப் பிணம் கிடக்கும் கோலமாகப் புரிந்துகொண்டார்: வாழ்கிறவர்களின் உலகுக்கும் இறந்தவர்களின் உலகுக்கும் நடுவில் காவல் இருப்பவள் அவள். அதனால்தான் வேறு கதைகளில் அவளைத் தேடி இளவரசன் வந்ததும் "காட்டுக்கு முதுகைக் காட்டு, எனக்கு முகத்தைக் காட்டு" என்று குடிசையிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. கிழவி அதட்டினால், முதலில் சாப்பாடு போடு, குளிக்க வை, பிறகு கேள் என்று அவன் திருப்பி அதட்டுகிறான். அவளும் செய்கிறாள், வழியும் சொல்கிறாள்.

சில கதைகளில் குழந்தைகளைத் துடுப்பில் கிடத்தி அடுப்பில் போடுகிறாளே என்பீர்கள். போடுகிறாள், மறுக்கவில்லை. ஆனால் ரஷ்யக் கிராமங்களில் நோஞ்சான் குழந்தைக்கு ஒரு சடங்கு இருந்தது. குழந்தையை ரொட்டி சுடும் மரத்துடுப்பில் கிடத்தி, வெதுவெதுப்பான அடுப்புக்குள் மூன்று முறை நீட்டி எடுப்பார்கள். செய்வது பெரும்பாலும் ஒரு மூதாட்டி. நோயைச் சுட்டு, பிள்ளையைப் புதிதாக எடுப்பதாக நம்பிக்கை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு யாகாவின் துடுப்பை என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை. அவள் ஏறிப் பறக்கும் உரல், உந்தித் தள்ளும் உலக்கை, தடம் அழிக்கும் துடைப்பம் எல்லாமே அந்தக் கிராமத்து வீட்டுப் பெண்கள் தினமும் தொட்ட பொருள்கள்தானே.

சிறு வயதில் மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகங்கள் வழியாகத்தான் ரஷ்யக் கதைகள் எனக்குப் பழக்கம். பயந்திருக்கிறேன். அந்தப் பயம் என்னைக் கெடுத்துவிடவில்லை. குழந்தை பயப்படும் என்று மண்டையோட்டை எடுத்துவிட்டால் நெருப்பும் அதோடு போய்விடுகிறது. மொழிபெயர்ப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: அவளை யாகாக் கிழவி என்றே எழுதுங்கள், அவள் கொடுத்ததை அவளே கொடுக்கட்டும்.

இன்று இரவு புத்தகம் இல்லாமல் கதையை முழுதாகச் சொன்னேன். மகள் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "அந்தக் கைகள் யாருடையவை அப்பா?" என்றாள். வசிலீசாவே கேட்காத கேள்வி அது என்றேன். விளக்கை அணைக்க வேண்டாம் என்றாள். அணைக்கவில்லை.