டேபிள் நாலு விஷயமா, கடைசியா ஒரு தடவை

ஞாயித்துக்கிழமை பிரிட்ஜ் சீட்டாட்டத்துல, டேபிள் நாலுல, என் பார்ட்னர் சார் கையிலேர்ந்து ஒரு கார்டு தவறி விழுந்து அபராதம் ஆனது இங்க பாதி பேருக்குத் தெரியும். "ரூல் ரூல்தான் மேடம்"னு நாலு நாளா இன்பாக்ஸ்ல பாடம் எடுக்கறவங்களுக்காக மட்டும் இது.

ரூல் எனக்கும் தெரியும் சாமி. ஏலம் எடுத்து ஆடறவர் டிக்ளேரர், அவரை மடக்க ஆடற ஜோடி டிஃபென்டர். டிஃபென்டர் கையிலேர்ந்து ரெண்டு கார்டு சேந்து விழுந்தா, எது ஆடினதுன்னு அவர் சொல்லணும், இன்னொண்ணு பெனால்டி கார்டு, அதாவது அபராதச் சீட்டு. 9 வரைக்கும் தவறி விழுந்தா மைனர், 10லேர்ந்து ஏஸ் வரைக்கும் மேஜர். சார் இஸ்பேட் 4 எடுத்தார், பின்னாடியே ஹார்ட் குயீனும் ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. அடுத்த ட்ரிக் (பிடி) நான் பிடிச்சேன், குயீன் மேஜர்ங்கறதால டிக்ளேரர் "ஹார்ட் லீட் பண்ணக்கூடாது", அதாவது ஹார்ட்ல ஆரம்பிக்கக்கூடாதுன்னார், அவ்ளோதான், ஒரு பிடி குறைஞ்சு தோக்கவேண்டிய அவரோட 3 நோட்ரம்ப் (துருப்பு இல்லாம 9 பிடி எடுக்கறேன்னு கேட்ட ஏலம்) கரையேறிடுச்சு. ஆட்ட நடுவரான டைரக்டர் சொன்னது புக்குப்படி சரி. சரின்னு நானே சொல்றேன், போதுமா?

ஆனா அது கை நடுங்கினது. மனசு மாறினது இல்ல. இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குன்னு அதே புக்குதான் சொல்லுது! ஏலம் கேக்கற சீட்டு இருக்கற பிடிங் பாக்ஸ்ல கை தவறி வேற சீட்டை உருவிட்டா, பார்ட்னர் பேசறதுக்குள்ள மாத்திக்கலாம். டம்மிலேர்ந்து, அதாவது டிக்ளேரரோட பார்ட்னர் மேஜையில விரிச்சு வச்ச சீட்டுலேர்ந்து, டிக்ளேரர் கார்டு கேக்கும்போது வாய் தவறினா, யோசிக்காம உடனே திருத்திக்கலாம். அதே டிக்ளேரர், அதே ரவுண்டுல, "ஏஸ்... இல்ல இல்ல, சின்னது"ன்னு திருத்தினாரே, யாராவது மூச்சு விட்டோமா? அவர் கையிலேர்ந்தே ஒரு கார்டு கீழ விழுந்துச்சு, சிரிச்சுக்கிட்டே எடுத்து வச்சுக்கிட்டார். டிக்ளேரருக்கு அபராதம் கிடையாது. அவங்க வாய் தவறினா சரி, கை தவறினாலும் சரி, எங்க சார் கை நடுங்கினா மட்டும் மேஜர்.

"டிஃபென்டர் கார்டு தெரிஞ்சா பார்ட்னருக்கு தகவல் போகுதே, டம்மிக்கு அந்தப் பிரச்சினை இல்லையே"ம்பீங்க. நியாயம்தான். நாகர்கோவில்ல எங்க வீட்டுத் திண்ணையில இருபத்தெட்டுங்கற சீட்டாட்டம் ஆடும்போது யார் சீட்டாவது விழுந்தா அப்பா கண்ணை இறுக்க மூடிக்கிட்டு "எடு எடு, நான் பாக்கல"ன்னுவார். பாத்திருப்பார், கண்டிப்பா பாத்திருப்பார், கடைசியில அந்த சீட்டை வச்சே நம்மள கவுத்துடுவார். சரி, இந்தக் கதை என் கட்சிக்கு ஒத்தாசை பண்ணல, தெரியுது. ஆனா அந்தக் கண்ணை மூடறது இருக்கே, அதைத்தான் சொல்றேன்.

"போன வருஷம் நீங்களே ஒருத்தர் மேல இதே ரூலைக் கேட்டீங்களே"ன்னு ஒரு மகானுபாவர். ஆமா கேட்டேன். அந்தப் பையனுக்கு வயசு 25, போனைப் பாத்துக்கிட்டே ஆடினான். அது வேற.

"கை நடுங்கறவர் ஆன்லைன்ல ஆடலாமே"ன்னு இன்னொருத்தர். அங்க மிஸ்க்ளிக் ஆகி அன்டூ கேட்டுக் கெஞ்சினதில்லையா நீங்க? 2018 ஜகார்த்தா ஏசியன் கேம்ஸ்ல இந்தியாவுக்கு பிரிட்ஜ்ல தங்கம் வாங்கிக் கொடுத்த பிரணாப் பர்தனுக்கு அப்ப வயசு 60. அன்னிக்கு ஸ்டேட்டஸ்ல கொடி பறக்க விட்டவங்கதானே எல்லாரும்? 60க்குக் கொடி, எங்க சாரோட 74க்கு "வீட்ல இருங்க சார்". நல்லா இருக்கு.

உண்மையைச் சொல்லணும்னா பெனால்டி கார்டு கூட எனக்கு வலிக்கல. டைரக்டரைக் கூப்பிட்டதும் தப்பில்ல, கூப்பிடத்தான் வேணும். ஆட்டம் முடிஞ்சு ஸ்கோர் எழுதும்போது, "சாருக்கு ஒரு கார்டு ஸ்டாண்டு வாங்கிக் கொடுங்க மேடம், சின்னப் பசங்க வச்சு ஆடுவாங்களே அது"ன்னு ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க, டேபிள்ல மத்தவங்களும் சேந்து சிரிச்சீங்க பாருங்க. அதுக்கு எந்த நம்பர்ல ரூல் இருக்கு? எனக்கு பிடிங்கே சொல்லிக் கொடுத்தவர் அவர். நான் ரிவோக் பண்ணி (கேட்ட ஜாதி கையில இருந்தும் வேற சீட்டு போட்டு) மேட்ச்சையே கெடுத்த அன்னிக்கு, "காபி சாப்பிடலாம் வாம்மா"ன்னு மட்டும் சொன்னவர்.

நேத்து ராத்திரி போன் பண்ணார். ஞாயித்துக்கிழமையைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. வைக்கறதுக்கு முன்னாடி மட்டும், "அந்த ஸ்டாண்டு எங்கம்மா கிடைக்கும், உனக்குத் தெரியுமா"ன்னார்.