பூஜ்ஜியம் வந்தால் வேர் அழிந்தது என்று ஆகாது

“நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியாவில் பிசிஆர்-ஏபிஎல் அளவு பூஜ்ஜியம் ஆனால் ஸ்டெம் செல்லும் அழிந்துவிட்டது, இமாடினிபை நிறுத்தலாம்” என்று சிலர் சொல்வது தவறு, ஆபத்தும்கூட. பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்பது இந்த ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பிறழ்ந்த மரபணு; அது உருவாக்கும் புரதத்தை முடக்கும் மாத்திரைதான் இமாடினிப். ஸ்டெம் செல் என்பது நோய்ச் செல்களைப் பிறப்பிக்கும் மூலச்செல், அதாவது நோயின் வேர். அந்த அளவைப் பார்க்கும் சோதனை ஏறக்குறைய லட்சம் செல்லில் ஒன்று வரைதான் காட்டும். எலும்பு மஜ்ஜையில் பெருகாமல் உறங்கும் லுக்கீமியா ஸ்டெம் செல்கள் உயிர்வாழ அந்தப் புரதத்தை நம்பியிருப்பதில்லை. மருந்து புரதத்தை முடக்கினாலும் அவை சாவதில்லை.

இமாடினிபை நிறுத்திப் பார்த்த பிரான்சின் ‘ஸ்டிம்’ ஆய்வைப் (2010) பாருங்கள். 2 ஆண்டுக்கு மேல் எதுவும் தென்படாதவர்களே மாத்திரையை நிறுத்தினார்கள். ஓராண்டாவது கண்காணிக்கப்பட்ட 69 பேரில் 42 பேருக்கு நோய் திரும்பியது, 40 பேருக்கு முதல் 6 மாதத்துக்குள்ளேயே. மீண்டும் மருந்து தொடங்கியதும் பெரும்பாலோருக்கு அடங்கியது. காரணம், மாதாமாதம் சோதித்து உடனே பிடித்தார்கள்.

ஆகவே நிறுத்துவதென்றால் மருத்துவர் சொல்லித்தான்: குறைந்தது 3 ஆண்டு சிகிச்சை, 2 ஆண்டு 0.01 சதவீதத்துக்குக் கீழே நிலைத்த பிசிஆர்-ஏபிஎல் அளவு. நிறுத்தியபின் 6 மாதம் வரை மாதந்தோறும் சோதனை; 0.1 சதவீதம் தாண்டினால் தாமதிக்காமல் மாத்திரை. (நிறுத்திய சில வாரங்களில் மூட்டு, தசை வலி வரலாம், அது நோய் திரும்பியதன் அடையாளம் அல்ல.)